விசில் அடிச்சாச்சு

விசில் கேட்டதும் இரண்டு அணிப் பெண்களும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பந்து ரஞ்சிதாவின் கையில் இருந்தது. எதிரணியின் கோடு எட்டிவிடும் தூரம்.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மைதானத்தில் மாவட்ட ரக்பி இறுதி ஆட்டம். கடைசி நிமிடம், இலுப்பூர் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. விராலிமலைப் பெண் வீசிய பாஸைக் குறுக்கே பாய்ந்து ஒற்றைக் கையால் தட்டி, மேலே எழும்பியதை மறுபடி பிடித்திருந்தாள் ரஞ்சிதா. கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் அது 'ட்ரை': ஐந்து புள்ளி, கோப்பை, மாநிலப் போட்டி.

கோட்டுக்குப் பின்னால் இருந்த மேடையில் மைக் முழங்கியது. ஜெர்சி வாங்கிக் கொடுத்துச் சங்கத் தலைவரான திருப்பதி, சித்திரை வெயிலிலும் பிளேசரைக் கழற்றாதவர்.

"விசில் அடிச்சாச்சு! இது வேணும்னே செஞ்ச நாக்-ஆன். பிடிக்கப் பாத்து நழுவுனா சின்னத் தப்பு. பிடிக்கிற எண்ணமே இல்லாம முன்னால தட்டுனா மஞ்சள் கார்டு. வெளிய வாம்மா!"

"பிடிக்கத்தான் சார் கை நீட்டுனேன். கீழயே விழுகலயே, கையிலல்ல இருக்கு!"

"உள்ளங்கை கீழ பாத்துச்சு. அதுலயே எண்ணம் தெரிஞ்சிரும். நான் சிங்கப்பூர்லயே மேட்ச் பாத்தவன்."

"இலுப்பூர் மேட்ச பாத்தீங்களா சார்?"

கூட்டம் சிரித்தது. தலைவரின் காது சிவந்தது.

சற்றுமுன் கணுக்கால் பிசகிய நடுவர் மணிமேகலை, தூரத்திலிருந்து நொண்டியபடி வந்துகொண்டிருந்தார். கையை முன்னால் வீசி வீசி ஏதோ கத்தினார். ஒலிபெருக்கியை மீறி ஒன்றும் கேட்கவில்லை.

"பாரு, ரெஃப்ரியே போ போங்குறாங்க. கெளம்பு!"

விராலிமலை கேப்டன் வைஷ்ணவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "போடி, மைக்கே சொல்லிருச்சுல்ல."

"எதுக்குடி போகணும்? தட்டிவிட்டவ போகட்டும், பிடிச்சவ போக மாட்டா!"

ரஞ்சிதா விறுவிறுவென்று மேடையை நோக்கி நடந்தாள். தலைவருக்கு நேர் எதிரே குனிந்து, புழுதி பறக்கப் பந்தைத் தரையில் அழுத்தி, அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்கிட்டுத்தான் உக்காருவேன். தெம்பிருந்தா தூக்கிட்டுப் போங்க!"

"தர்ணாவா? ரக்பியில தர்ணாவா!" என்று அலறினார் திருப்பதி.

மணிமேகலை வந்து சேர்ந்தார். நீளமாக ஒரு விசில் ஊதி, கையை உயர்த்தினார்.

"ட்ரை! கோட்டத் தாண்டி வச்சுட்டா. இலுப்பூருக்கு அஞ்சு. மேட்ச் முடிஞ்சுது."

"என்னம்மா அநியாயம்! விசில் அடிச்சு நிறுத்துன ஆட்டத்துல ஏது ட்ரை?"

நடுவர் மூச்சு வாங்கினார்.

"நான் இப்பத்தாங்க அடிச்சேன். மொதல்ல அடிச்சது பஸ் கண்டக்டரு."