குமிழைத் தொட்டது யார்?

"என் குமிழைத் தொட்டது யாரு?"

ஒத்திகை அறையே நிமிர்ந்து பார்த்தது. கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக இருந்த குமிழ்களில், புயல் காற்றுச் சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார் ஒலியமைப்பாளர்.

"நேத்து ஹெட்போன்ல கேட்டு எண்பதுல வச்சுட்டுப் போனேன். இப்போ நாப்பதுல நிக்குது. இது மூணாவது தடவை!"

அவர் பார்வை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் மேல் போய் நின்றது.

அந்த நாடகக் குழுவில் அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ். ஒரு காலத்தில் தகரத்தை ஆட்டி இடி வரவழைத்தவர், கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் ஒரு கை பார்த்துவிட்டார். திரையிலேயே பெட்டிகளை அடுக்கி, ஒன்றுக்கொன்று ஒயரை மவுசால் இழுத்து மாட்டி, நாலு குமிழைத் திருகினால் புயலே கிளம்பிவிடும். மகன் கட்டிக்கொண்டவளும் இதே வேலைதான் என்றதும், பெருமையாக அவரே கூட்டிவந்து குழுவில் சேர்த்துவிட்டார்.

இப்போது அந்தப் பெருமை கசந்தது. "காத்து பிரமாதம்ணே!" என்று இயக்குநர் பாராட்டும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்றது. பாராட்டு வாங்கியது அவருடைய எண்பது இல்லை. யாரோ இறக்கி வைத்த நாற்பது.

"நீதானேம்மா?"

"ஆமா மாமா."

"எதுக்கு?"

அவள் தயங்கினாள். "எண்பது கொஞ்சம் ஜாஸ்தியோன்னு தோணுச்சு."

"எனக்குத் தோணாதது உனக்குத் தோணிடுச்சா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே புயல் அடிச்சவன்மா நான்!"

யாரோ சிரித்தார்கள். அவருக்கு வேகம் கூடியது.

"வீட்டுல மாமா மாமான்னு மரியாதை. இங்க முதுகுக்குப் பின்னாடி வேலை. என் இடம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே?"

அவள் கண் கலங்கிவிட்டது. இயக்குநர் சங்கடமாக நெளிந்தார்.

"விடுங்கண்ணே. ஒத்திகையை ஆரம்பிக்கலாம்."

"இல்ல தம்பி. எது சரின்னு நாலு பேரும் கேக்கட்டும்."

மவுசைப் பிடித்தார். அவள் சட்டென்று குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வேண்டாம் மாமா. ஸ்பீக்கர்ல போடாதீங்க. வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்."

"ஏன், குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?"

குமிழை மேலே இழுத்தார். ஐம்பது, அறுபது, எண்பது. ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஹா! அறை முழுக்கக் காற்று சுழன்று அடித்தது. புயல்னா இதுதான் புயல்!

கண்ணைத் திறந்தார்.

இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். கதாநாயகி வாசலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். விளக்குப் போடுகிறவர் ஏணியில் நின்றபடியே கத்தினார்.

"நிறுத்துங்கய்யா! ஊசியைக் காதுல விட்ட மாதிரி விசிலடிக்குது!"

'எந்த விசில்?' என்று கேட்க வாயெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்குக் காற்று மட்டும்தான் கேட்டது.

மருமகள் கை நீட்டிக் குமிழைக் கீழே இறக்கினாள். எல்லோரும் காதிலிருந்து கையை எடுத்தார்கள்.

மூன்று நாளும் எல்லோருக்கும் முன்னால் வந்து, இந்தக் குமிழைத்தான் இறக்கி வைத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல். அவருக்கே தெரியாமல்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நிமிர்ந்து எந்த முகத்தையும் பார்க்க முடியவில்லை.

இயக்குநர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு அந்தச் சத்தம்..."

கேள்வியை முடிக்க விடவில்லை மருமகள்.

"சாரி சார், தப்பு என்மேலதான். காலையில ஒயரை மாத்தி மாட்டிட்டேன். அதான் விசிலடிச்சிருக்கு. மாமா வச்சது சரியாத்தான் இருந்தது."

இயக்குநருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னம்மா இது! நாளைக்கு நாடகம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், கிளம்பு. அண்ணன் பார்த்துக்குவார்."

அவள் மறுபேச்சில்லாமல் பையை எடுத்தாள்.

"அவ பொய் சொல்றா தம்பி."

எல்லோரும் திரும்பினார்கள். இன்னும் என்ன திட்டப் போகிறாரோ என்று பார்த்தார்கள்.

"அந்த விசில் எனக்குக் கேக்கவே இல்ல."