டெல்லியிலிருந்து குற்றால எண்ணெய்

தென்காசி பெஞ்சமின் ஆன்லைனில் கடை திறந்தார். சரக்கு, குற்றால மூலிகை எண்ணெய்.

"குற்றாலம் இந்தா கெடக்கு. எண்ணெய் டெல்லியில இருந்தா வருது?" என்றாள் மனைவி எப்சிபா.

"ஏட்டி, இதுக்குப் பேரு டிராப்ஷிப்பிங். ஆர்டர் நமக்கு வரும். டெல்லிக்காரன் நேரா அனுப்பிருவான். சரக்கை நாம தொடவே வேண்டாம்."

"அவன் ஏமாத்திட்டாம்னா?"

"விசாரிச்சாச்சு. சரக்கு அனுப்ப இங்கன நம்பிக்கையான ஆளு ஒருத்தரைப் பிடிச்சு வச்சிருக்கானாம். இருந்தாலும் சோதிச்சுப் பாத்துருவோம்."

எப்சிபா பெயரில் டெல்லிக்காரனிடம் ஒரு பாட்டில் ஆர்டர் செய்தார்.

பத்தே நிமிடத்தில் பெஞ்சமினின் கடைக்கு முதல் ஆர்டர் வந்தது. மனுஷன் துள்ளிக் குதித்தார்.

எப்சிபா போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஆர்டர் போட்டவன் டெல்லிக்காரன். அனுப்பச் சொன்ன முகவரி நம்ம வீடு. நம்பிக்கையான ஆளுன்னு அவன் சொன்னது உங்களைத்தானா?"