அரை டிக்கெட் உயரம்

செல்போனில் பார்த்த மூன்றாவது ஓட்டலையும் அவள் கழித்துக்கட்டினாள்.

காலைச் சாப்பாடு இலவசம்தான். ஆனால் அங்கிருந்து தீம் பார்க்குக்கு ஆட்டோ வைத்துத்தான் போகவேண்டும். கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்கிற ஓட்டல். இரண்டாவதில் வேன் விடுகிறார்கள், சாப்பாடு கிடையாது. முதலாவதை விட்டுத்தள்ளுங்கள். படத்தில் இருந்த நீச்சல்குளத்தில் ஒரு வாத்து இறங்கினாலே தண்ணீர் வழிந்துவிடும்.

நாலாவதுதான் தோது. அறையும் பார்க் டிக்கெட்டும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி. இன்று சாயங்காலம் வரைக்கும்தான்.

அவளுக்குத் தெரியாத தள்ளுபடி ஈரோட்டில் கிடையாது. முட்டியை லேசாக மடக்கி நின்றால் பஸ்ஸில் அரை டிக்கெட் என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவள். கண்டக்டர் பக்கத்தில் வந்தால் போதும், தாரிகா தானாகவே குள்ளமாகிவிடுவாள்.

அந்தப் பெண்ணால் எல்லாமே மிச்சம்தான். போன வருட யூனிஃபார்மே இந்த வருடமும் சரியாக இருந்தது. செருப்பும் அதேதான். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே திரும்பி வரும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இதையெல்லாம் அவள் பெருமையாகச் சொல்வாள்.

"எங்கூட்லயும் ஒண்ணு இருக்குதே, மாசத்துக்கொரு பேண்ட்டு" என்று எதிர்வீட்டுக் கோகிலாக்கா பெருமூச்சு விடுவாள்.

தெருவில் ஒருத்தருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

பார்க்கில் வயதுக் கணக்கு இல்லை. உயரக் கணக்கு. கோட்டுக்குக் கீழே இருந்தால் சின்ன டிக்கெட். தாண்டினால் முழு டிக்கெட்.

தையல் டேப்பை வைத்து அந்த உயரத்தை அளந்து, கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டாள்.

முதலில் சின்னவன் கனிஷ். கோட்டைத் தாண்டி நின்றான். எப்போது வளர்ந்தான் இந்தப் பயல்? முழு டிக்கெட் தண்டம்.

"தாரிகா, நீ வா கண்ணு."

அவனைவிட இரண்டு வயது மூத்தவள். வந்து முதுகை ஒட்டி நின்றாள். கோட்டுக்கு நாலு விரல் கீழே.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே இருந்த கணவனுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, பெரியவளுக்குச் சின்ன டிக்கெட்டே போதுமுங்க!"

பெண்ணின் தலைக்கு மேல் பென்சிலை வைத்தாள்.

அது ஏற்கெனவே இருந்த ஒரு கோட்டில் போய் உட்கார்ந்தது.

பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. தாரிகா, போன வருடத் தேதி. அப்போதும் இதே பார்க், இதே தள்ளுபடி. கடைசியில் போகவில்லை.

சிரிப்பு வந்தது. திருட்டுக்கழுதை, பழக்கதோஷத்தில் முட்டியை மடக்கியிருக்கும்.

"இங்க கண்டக்டர் இல்ல சாமி. நேரா நில்லு."

"நேராத்தானம்மா நிக்கறேன்."

அவள் குனிந்து, கவுனை ஒதுக்கி, முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று. அப்புறம் மற்றது.

இரண்டும் விறைப்பாக நின்றன.

கை அங்கேயே இருந்தது. ஒரு குச்சியைப் பிடித்திருப்பது போலிருந்தது.

ஒரு முழு வருடம். ஒரு நூல்கூட வளரவில்லை.

எழுந்து செல்போனை எடுத்தாள். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினாள். அது மூக்கின் மேல்தான் இருந்தது. ஆட்களின் எண்ணிக்கை கேட்ட கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

வெளியே வந்த கணவன் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தான்.

"ஏம்புள்ள, நாலும் முழு டிக்கெட்டா போட்டுக்கற? இவளுக்குச் சின்னது போதும்னியே?"

அவள் நிமிரவில்லை.

"போறதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குதுங்க. அதுக்குள்ள வளந்துருவா."

தாரிகா இன்னும் நிலையை விட்டு நகரவில்லை.

அம்மாவையே பார்த்துக்கொண்டு, மெல்லக் குதிகாலைத் தூக்கினாள்.