ஒதுக்குக் கூடை

பெட்டியைத் திறந்தபோது பதினொரு விளக்குக் குடுவைகளும் விரிசல் விட்டிருந்தன.

கண்ணாடி ஊதும் குலாம் பாய் யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முந்தின நாள் முழுக்க ஊதி, மெல்ல ஆறட்டும் என்று தன் கையாலேயே பெட்டிக்குள் அடுக்கியவர். ஒரு சில்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதற்குள் அரிசி அளவில் ஒரு கணு, உருகாமல் நின்ற கண்ணாடி. விரிசல் அதிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

"பல்பு," என்றார்.

கிண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் கொட்டகை. உடைசல்தான் எங்களுக்கு மூலப்பொருள். மணலும் சோடாவும் ஒரு பங்கு என்றால் உடைந்த பாட்டில், டம்ளர், ஜன்னல் கண்ணாடி மூன்று பங்கு. உடைசல் சீக்கிரம் உருகும், உலைக்கு எண்ணெய் குறைவாகச் செலவாகும். ஊதும்போது கோணிப்போனதும் திரும்ப உலைக்கே போகும். இங்கே எதுவும் வீணாவதில்லை, தவறான கண்ணாடியைத் தவிர.

அது கோடம்பாக்கத்து மூட்டைகளில் வரும். படப்பிடிப்பு விளக்குகளின் பெரிய பல்பு. சூடு தாங்கச் செய்த கண்ணாடி. எங்கள் உலைக்கு முழுதாக இளகாது. ஆறும்போது மற்றதோடு சேர்ந்து சுருங்காமல் இழுத்துப் பிளந்துவிடும்.

தடித்த துண்டென்றால் விளிம்பின் நிறமே சொல்லிவிடும். மெல்லிய துண்டைக் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். பல்பு ஒரு நூல் உயர்ந்து ஒலிக்கும்.

தட்டுவது நானும் சுப்பம்மாவும். உலைக்குக் காற்றடிக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில், எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்பது வருஷமாக.

முதலாளி ஷாஹுல் ஹமீது வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். சாயங்காலம் தி.நகர் விளக்குக் கடைக்குப் போக வேண்டிய சரக்கு.

"ரெண்டு பேர்ல ஒருத்தி காதை வூட்ல வச்சிட்டு வந்து குந்திக்கினு கீறா. யாருன்னு இப்போ தெரிஞ்சிரும். அவ நாளைலேர்ந்து வர வாணாம்."

சுப்பம்மா சும்மா இருப்பவள் இல்லை. "கம்மலைத்தான், பாய், வூட்ல வச்சிட்டு வந்தேன். காது இங்கதான் கீது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் சுருக்குப் பையில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிச் சீட்டு நான்காக மடிந்து கிடந்தது. வீட்டில் வைத்தால் மகள் மணிமொழி படித்துவிடுவாள். பத்தாவது படிக்கிறாள். இதைப் படித்தால் அன்றைக்கே பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலை தேடக் கிளம்பிவிடுவாள்.

கனத்த சத்தம் கேட்கும், கூரான சத்தம் கேட்காது, போனது இனி வராது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. மனிதர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. கண்ணாடிதான் பேசுவதில்லை.

எட்டு மாதமாக நான் சுப்பம்மாவின் முகத்தை வைத்துத்தான் பிழைத்தேன். நான் தட்டும்போது அவள் தலை நிமிர்ந்தால் அது பல்பு. ஒதுக்குக் கூடையில் போட்டுவிடுவேன். அவள் அடிக்கடி நிமிர்ந்தாள். கூடை முன்னைவிடச் சீக்கிரம் நிறைந்தது. கவனமாக வேலை செய்கிறோம் என்று முதலாளி ஒருமுறை பாராட்டக்கூடச் செய்தார்.

இப்போது அவர் ஒரு தட்டில் ஐந்து மெல்லிய துண்டுகளை வைத்தார். ஒன்றுதான் பல்பு. முதலில் சுப்பம்மா தட்ட வேண்டும். பிறகு துண்டுகளை இடம் மாற்றி வைப்பார், நான் தட்ட வேண்டும். பல்பின் மேல் விரலை வைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. சுப்பம்மா எந்தத் துண்டில் நிற்கிறாளோ அதன் வடிவத்தை மனத்தில் பிடித்துக்கொள்வது. முதலாவது நீளம். அடுத்தது முக்கோணம். மூன்றாவதற்கு ஒரு மூலை இல்லை. நான்காவது பிறை. கடைசி ஏறக்குறைய சதுரம்.

மாதாவே, அவள் முகத்தை மட்டும் எனக்குக் காட்டித் தா.

சுப்பம்மா முதல் துண்டைத் தட்டினாள். நிமிர்ந்தாள்.

நீளமானதா? ஆனால் அவள் விரல் வைக்கவில்லை. முக்கோணத்தைத் தட்டினாள். நிமிர்ந்தாள்.

மூன்றாவது. மறுபடியும் நிமிர்ந்தாள்.

இந்த முறைதான் நான் அவள் கண்களைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் முதல் முறை. அதுவரை தலையைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தவளின் கண்கள் இல்லை அவை. என் புருவத்தில், என் உதட்டோரத்தில், எதையோ தேடிக்கொண்டிருந்தன. நான் அவளிடம் தேடுவதைப் போலவே.

கூடை ஏன் அவ்வளவு சீக்கிரம் நிறைந்தது என்று எனக்குப் புரிந்தது.

அவள் பிறையைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள். குலாம் பாய் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. புருவத்தை லேசாக உயர்த்தினேன்.

சுப்பம்மாவின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. சதுரத்தை அவள் தொடவே இல்லை. பிறையின் மேல் விரலை வைத்தாள்.

முதலாளி தட்டைத் தன் பக்கம் இழுத்தார். துண்டுகளைக் கலைத்து வரிசையை மாற்றினார். கம்பியை என் பக்கம் நீட்டினார்.

பிறை இப்போது முதலில் இருந்தது.

அதைத் தட்டினேன். நிமிர்ந்து சுப்பம்மாவைப் பார்த்தேன்.

அவள் என்னை நம்பி, புருவத்தை உயர்த்தினாள்.