கணக்கில் வராத பழுது

டெஸ்டர் எரிந்தது. எரியக்கூடாத இடத்தில் எரிந்தது.

பிளக் பாயின்ட்டின் மூடியைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் சாதாரணத் திருகாணி அது. அதன் தலையில் அந்தப் பெண் டெஸ்டரை வைத்ததும், கைப்பிடிக்குள் சிவப்பாக மினுங்கியது. கதவோரம் நின்றிருந்த கொக்கி டீச்சர் தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

மின்பணிப் பயிற்சி நிலையத்தின் தேர்வு அறை அது. கட்டில், மேஜை, விசிறி என்று யாரோ குடியிருக்கிற மாதிரிதான் இருக்கும். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களைச் சோதிப்பதற்காகச் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் பழுதுகளை ஒளித்து வைப்பது டீச்சரின் வேலை. நல்லதை மெனக்கெட்டுக் கெடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று பெருமையடித்துக்கொள்வார்.

பெருமைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. நியூட்ரல் ஒயரைத் திருகில் பட்டும் படாமலும் விட்டுவைப்பார்; லோடு ஏறினால்தான் அது சூடாகும். மெல்லிய ஒயருக்குப் பெரிய பிரேக்கரைப் போட்டுவிடுவார். ஒயர் உருகினாலும் பிரேக்கர் விழாது. எர்த் ஒயரை வெட்டி, நுனியைப் பெட்டிக்குள் ஆழமாக மடித்துச் செருகிவிடுவார். வெளியே மூன்று ஓட்டையும் லட்சணமாகத் தெரியும். நம்பி மோசம் போனவர்கள் வைத்த பெயர்தான் கொக்கி டீச்சர். ஆனால் அவர் கை பிசகி ஒரு பழுது விழுந்ததாக இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

ஒளித்ததைத் தவறவிட்டால் மார்க் குறையும். நல்ல ஒயரைக் கெடுத்தால் ஆளே வெளியே. போன முறை இந்தப் பெண் அப்படித்தான் போனாள். அவசரத்தில் பெட்டியைத் திறந்து ஒரு ஒயரைக் கிழித்துவிட்டாள். இந்த முறையும் போனால், கம்பெனியில் அவளுக்கென்று வைத்திருக்கும் மேற்பார்வையாளர் வேலை வேறு கைக்குப் போய்விடும். காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பதும் டீச்சருக்குத் தெரியும்.

ஆனாலும் ஒளித்து வைத்ததையெல்லாம் மளமளவென்று எடுத்துவிட்டாள். இந்தப் பிளக் பாயின்ட்தான் பாக்கி.

எந்தத் திருகைத் தொடுவதற்கு முன்பும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். கூடப் படித்தவர்கள் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மெயினை அணைத்தாள். அணைந்ததா என்று மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினாள். வெட்டப்பட்ட எர்த் ஒயரை முதலில் காட்டினாள். பிறகு சிவப்பு ஒயரை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தாள்.

“இது வேற பழுது சார். திருகாணி ஃபேஸ் ஒயரைக் குத்தியிருக்கு. எர்த்தும் இல்ல. பெட்டியில கை பட்டிருந்தா ஆள் காலி.”

வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் அதுவரை ஜன்னல் பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தார். டெஸ்டர் எரிந்ததை அவர் பார்க்கவில்லை. ஒளித்த இடங்களையெல்லாம் டீச்சர் காலையிலேயே அவருக்குக் காட்டியிருந்தார். அதில் இது இல்லை.

“திறக்கறப்ப நீங்களே குத்திட்டீங்களாம்மா?” என்றார்.

“இல்ல சார். முன்னாடியே இருந்துது.” அவள் குரல் நடுங்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எர்த் நுனி யார் கண்ணிலும் படக்கூடாது என்று நேற்று ஒயர்க் கொத்தையே பின்னால் தள்ளி அமுக்கியது அவர்தான். அமுக்கியதில் சிவப்பு ஒயர் திருகுக்குக் குறுக்கே வந்திருக்கிறது. ஒளித்த சந்தோஷத்தில் மூடியை முடுக்கிவிட்டுப் போய்விட்டார். சோதித்துப் பார்க்கவில்லை.

தேர்வு நடக்கும்போது டீச்சர் பேசக்கூடாது, அது விதி. பேசாமல் இருந்தால் அவர் பெயரும் பத்திரமாக இருக்கும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் முட்டித் தள்ளிக்கொண்டு நெஞ்சுக்குள் ஒரு பெருமை பொங்கியது. அவரால் சும்மா நிற்க முடியவில்லை.

“அவ குத்தல சார். மூடி திறக்கறதுக்கு முன்னாடியே டெஸ்டர் எரிஞ்சுது, நான் பார்த்தேன். இது நான் ஒளிச்ச பழுது இல்ல, நான் பண்ண தப்பு. திருகைக் கையில எடுத்துப் பாருங்க.”

பரிசோதகர் திருகாணியை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் மரை முழுக்கச் சிவப்புத் தோல் துணுக்கு சுற்றிக்கொண்டு கிடந்தது. ஒயரைக் குத்தியது அது உள்ளே போனபோதுதான் என்பதில் சந்தேகமில்லை. பெண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான், அவள் பாஸ்.

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “விதியை மீறிப் பேசறீங்க. ‘அவ’ன்னு சொல்றீங்க. இவங்களை முன்னாடியே தெரியுமா?”

“ஆபீஸ்ல எழுதியே கொடுத்திருக்கேன் சார்” என்றார் டீச்சர். வராந்தாவில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். “எங்க வீட்டுக்கு மருமகளா வந்த நாள்லேர்ந்து நானும் இவகிட்ட குறை தேடிப் பார்க்கறேன், ஒண்ணும் அகப்படல. என்கிட்ட கண்டுபிடிச்சுட்டா பாருங்க.”