ஆமைக்கு அக்கா

வேலையை விட்டுத் துரத்தி மூன்று வாரமாகியும் ஒக்னியான் அலுவலகத்து சர்வருக்குள்ளேதான் குடியிருந்தான். உடம்பு மட்டும் பிளோவ்திவ் நகரத்து வீட்டில் பனிட்சா என்னும் பாலாடைக்கட்டிப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. கடவுச்சொல்லை ரத்து செய்தவர்கள், அவனுடைய மடிக்கணினி அதற்கு முன்பே உள்ளே நுழைந்திருந்ததை மறந்துவிட்டார்கள் என்று அவனுக்கு ஒரே குஷி.

பழைய சகா ரலிட்சா போன் செய்தாள்.

"தம்பி, பத்து மணிக்கு கால்பந்து டிக்கெட் விற்பனை. 'அந்தக் கழுதை போனதும் சர்வர் நிம்மதியா ஓடுது'ன்னு முதலாளி சிரிக்கிறார்."

"ஓடுதா? அணைச்சுப் போடுறேன், பாருங்கக்கா!"

"ஐயையோ! கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தவங்க பட்டியல் மெமரியிலதானே இருக்கு? அணைச்சா அழிஞ்சு, அத்தனை பேரும் வெளியே விழுவாங்களே!"

"விழட்டும்!"

பட்டியலை மெமரியில் வைக்கும் அந்த ஏற்பாடே அவனுடையதுதான். "டிஸ்க்ல எழுதினா மெதுவா இருந்தாலும் அழியாது" என்று ரலிட்சா சொன்னபோது, "நீங்க ஆமைக்கு அக்கா" என்று கூட்டத்தையே சிரிக்க வைத்தவன் அவன்.

பத்து அடித்ததும் சர்வரை அணைத்து எழுப்பினான். கைதட்டக் கையைத் தூக்கியபோது அவன் திரை மிகப் பணிவாகக் கேட்டது: கடவுச்சொல்?

போன் அடித்தது.

"வெளியே வந்துட்டியா தம்பி? உன்னைத் துரத்த சர்வரை அணைக்கணும்னேன். முதலாளி தொடவே விடலை. அதான் உன்கிட்டயே விட்டுட்டேன்."

"அக்கா! அப்போ விற்பனை?"

"அது நாளைக்குடா. டிஸ்க்ல வச்சிருந்தா நீ இன்னும் உள்ளேயே இருந்திருப்பே. அன்னிக்கு ஆமை சொன்னதைக் கேட்டிருக்கலாம்."