துர்சுன் வீட்டு ஏசி

"பைப்பை மட்டும் பாரு. ஸ்டூல் போட்டு ஏறுற வேலையெல்லாம் வேண்டாம்" என்று துர்சுன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் ரவ்ஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏசி சொட்டுவதோ அறைக்குள்ளே, கட்டில் மேலே. பார்க்கச் சொல்வதோ வெளியே போகிற பைப்பை. தாஷ்கண்டில் அவன் ஏறாத சுவர் கிடையாது. ஏறாதே என்று சொன்ன முதல் வீட்டுக்காரர் இவர்தான்.

துர்சுனின் மனைவி சலோமத் ஓடி ஓடி, சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கும் பேசினை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் கவலை ஏசியைப் பற்றியதில்லை. மகன் பஹ்ராம் காலையில் கசானிலிருந்து கூப்பிட்டிருந்தான். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினாள். லீவு கிடைத்திருக்கிறதாம். வீட்டுக்கு வரலாமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

எப்படிக் கேட்பாள், பாவம்? அப்பா பேசி முடித்த பெண்ணைக் கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் அவன். "எனக்குப் பிள்ளையே இல்லை" என்று தெருவே கேட்கக் கத்தியவர் துர்சுன். அன்றிலிருந்து அந்தப் பெயர் வீட்டுக்குள் வரக்கூடாது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வழக்கப்படி அவளும் புருஷனை 'பஹ்ராம் அப்பா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வேறு வழி தெரியாமல், 'இங்க பாருங்க' என்று காலத்தை ஓட்டுகிறாள்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததும் கேட்கலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தாள். அதைத் தெளியவிடாமல் ஏசி சொட்டிக்கொண்டே இருந்தது.

ரவ்ஷன் முதலில் கேஸ் குறைந்திருக்கும், ஐஸ் கட்டி உருகுகிறது என்று அடித்துச் சொன்னான். கேஸ் சரியாக இருந்தது. மெஷின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்றான். எட்டி மட்டம் பிடித்துப் பார்த்தால், மெஷின் நேராக இருந்தது. அப்படியானால் ஃபில்டரில் அழுக்கு என்றான்.

துர்சுன் பள்ளிக்கூடத்தில் வாலிபால் சொல்லிக்கொடுத்தவர். உயரத்துக்குப் பஞ்சமில்லை. நின்ற இடத்திலிருந்தே ஃபில்டரை உருவிக் கொடுத்தார். பளிச்சென்று இருந்தது. வாராவாரம் தானே கழுவுவதாகவும், இந்த ஏசியில் வேறு யாரும் கை வைப்பதில்லை என்றும் சொன்னார்.

ரவ்ஷன் தலையைச் சொறிந்துகொண்டே பால்கனிக்குப் போனான். வெளியே சொட்ட வேண்டிய பைப்பிலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. பம்ப்பை வைத்து ஊதினான். கொழகொழவென்று சாம்பல் நிறத்தில் ஏதோ வந்து விழுந்தது.

முகர்ந்து பார்த்தான். பிறகு சலோமத்தைப் பார்த்தான்.

"அக்கா, இது மாவு மாதிரி இருக்கு."

சலோமத்தும் முகர்ந்தாள். புளித்துப்போன ரொட்டி. ஏசிக்குள் ரொட்டி எப்படி வந்தது?

"எலி கொண்டுபோய் வச்சிருக்கும்" என்றார் துர்சுன் அவசரமாக.

மூன்றாம் மாடியில், வழவழப்பான சுவரில், கூரையை ஒட்டி இருக்கிற மெஷினுக்கு எந்த எலி ஏறும்? வாராவாரம் கை வைக்கிறவர் ஒருவர்தான் இருக்கிறார். சலோமத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்தது பொங்கிக்கொண்டு வந்தது.

"இங்க பாருங்க. இது அவன் இங்க வேலை பார்த்தப்போ முதல் சம்பளத்துல வாங்கி மாட்டினது. அவன் மேல கோபம்னா அவன் வாங்கின மெஷினுக்குள்ள ரொட்டியத் திணிப்பீங்களா? கீழ விழுந்த துணுக்கக்கூட எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிற வீடுங்க இது."

துர்சுன் அறைக்குள் போய் பேசினை நகர்த்தி வைக்கக் குனிந்தார்.

இதற்குள் ரவ்ஷன் பொறுக்க மாட்டாமல் ஸ்டூலில் ஏறிவிட்டான்.

"அண்ணே, மெஷின் மேல ஒரு துணி மூட்டை இருக்கு. பூச்சி அரிச்சு ஓட்டை விழுந்திருக்கு. நீங்க ஃபில்டர உருவுறப்பல்லாம் தூள் உள்ள கொட்டியிருக்கு."

"நீ தொடாத. இறங்கு."

துர்சுனே எட்டி எடுத்தார். இரண்டு கைகளாலும் பிடித்து இறக்கினார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவள் கையில் கொடுத்தார்.

சலோமத் முடிச்சை அவிழ்த்தாள். கல்லாய்க் காய்ந்த ஒரு ரொட்டி. ஒரு ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. இன்னொரு ஓரத்தில் ஒரே ஒரு கடி.

அது பஹ்ராமின் கடி. தூரதேசம் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போகிற ரொட்டியை, அவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்கிற வரைக்கும் வீட்டில் உயரமான இடத்தில் வைத்திருப்போம். அன்றைக்கு வாசலில் சலோமத் நீட்டிய ரொட்டியைக் கடித்துவிட்டுத்தான் பஹ்ராம் போனான். அவன் தெருமுனை திரும்புவதற்குள் துர்சுன் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் கேட்டதற்கு, கீழ்வீட்டு ஆட்டுக்குப் போட்டாச்சு என்றார். அதற்காக அவள் எத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

இப்போதும் அழுதாள். ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

ரவ்ஷன் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மறுபடி அங்கேயே வச்சா மறுபடி அடைக்கும் அண்ணே."

துர்சுன் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினார்.

"காலையில கதவச் சாத்திக்கிட்டுப் பேசினியே, அவன்கிட்ட சொல்லு. சீக்கிரமா வந்து மிச்சத்தத் தின்னுட்டுப் போகச் சொல்லு. ஏசி பாழாப்போகுது."